மாஸ்க்குக்குள்ளிருந்து ஒரு குரல்

கண்ணகி சோறு தின்னும்போதுகூட முகத்தைக் காட்டுவதில்லை என்பதை முதலில் கவனித்தவள் விருத்தாம்பாள்தான்.

"நல்லா பாருக்கா. நாமெல்லாம் இந்தப் பக்கம் ஒக்காந்தா அது மட்டும் செவுத்தப் பாத்துக்கினு ஒக்காருது. மாஸ்க்க தாடைக்கு எறக்குது, நாலு வாய் அள்ளிப் போடுது, ஏத்திக்கிது. வந்து ரெண்டு மாசம் ஆவப்போவுது. அது மூஞ்சி எப்டி இருக்கும்னு உனக்குத் தெரியுமா?"

செங்கமலத்துக்குத் தெரியாது. யோசித்துப் பார்த்தால் ஆச்சரியமாகத்தான் இருந்தது. தினமும் பக்கத்தில் நின்று கரி அள்ளுகிறவள். ஒரே குடத்தில் தண்ணீர் குடிக்கிறவள். கண்ணும் புருவமும் தெரியும். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

நெய்வேலியில் சுரங்கத்திலிருந்து மேலே வரும் பழுப்பு நிலக்கரி ஒரு பெல்ட்டிலிருந்து இன்னொரு பெல்ட்டில் விழுகிற இடத்தில் அவர்களுக்கு வேலை. விழும்போது சிந்துகிற கரியைச் சட்டியில் அள்ளித் திரும்பப் போட வேண்டும். படிந்த தூசியைப் பெருக்க வேண்டும். எட்டுப் பெண்கள். எல்லோரும் கான்ட்ராக்ட். புடவைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, தலையில் துண்டு, துண்டுக்கு மேல் ஹெல்மெட், மூக்கில் மாஸ்க்கு. செங்கமலம் கம்மாபுரம் பக்கத்துக்காரி. ஆறு வருஷமாக அங்கே இருந்ததால் மற்ற ஏழு பேரும் எதுவானாலும் அவளிடம்தான் வருவார்கள்.

மாஸ்க்கு என்று கான்ட்ராக்டர் கொடுத்தது ஒரு காகிதத் துண்டு. வாரத்துக்கு ஒன்று. திங்கட்கிழமை வெள்ளையாக இருப்பது செவ்வாய்க்கிழமையே கறுத்துவிடும். மூச்சு பட்டு ஈரமாகி ரப்பர் கயிறு அறுந்ததும் நூலைக் கட்டிப் போட்டுக்கொள்வார்கள். வெள்ளம் வந்ததற்கு மறு வருஷம் அது. பொங்கலுக்குப் பிறகு மாணிக்கம்மாளுக்கு இருமல் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. துப்பினால் கறுப்பாக வந்தது.

கண்ணகி போட்டிருந்தது மட்டும் வேறு. கன்னத்தோடு ஒட்டி நிற்கிற சாம்பல் நிற ரப்பர், இரண்டு பக்கமும் வட்டமாக வால்வு. பெர்மனென்ட் ஆட்களுக்குக் கொடுக்கிற சாமான்.

"இது ஏது உனக்கு?" என்று செங்கமலம் ஒரு நாள் கேட்டாள்.

"சொந்தக்காரங்க குடுத்தாங்க" என்றாள் கண்ணகி. அதோடு சட்டியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

சொந்தத்தில் பெர்மனென்ட் ஆள் இருப்பவள் இங்கே வந்து எதற்குக் கரி அள்ளுகிறாள்? கையைப் பார்த்தாலே தெரியும், களையெடுத்த கையில்லை. கேட்டில் காட்டுகிற பாசில் ஒட்டியிருந்த போட்டோவை விருத்தாம்பாள் எட்டிப் பார்த்திருக்கிறாள். போட்டோவில் இருந்தவளுக்கு அகலமான நெற்றி. இவளுக்கு நெற்றி குறுகல்.

இதெல்லாம் சும்மா வம்புப் பேச்சோடு போயிருக்கும். ஆனால் இன்னொரு விஷயம் இருந்தது.

மாணிக்கம்மாள் ஒரு நாள் இருமி இருமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்று சாப்பிடும்போது, டவுன்ஷிப்பில் இருக்கிற யூனியன் ஆளைப் போய்ப் பார்ப்பது, ஒழுங்கான மாஸ்க்கு கேட்பது என்று பேசி முடிவு செய்தார்கள். மறுநாள் காலை சூப்பர்வைசர் ராமசாமி கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

"யூனியன் ஆளப் பாக்கப் போறீங்களாமே? போங்க, போங்க. போயிட்டு அப்டியே வூட்டுக்கும் போயிடுங்க."

இரண்டாவது தடவை, திங்கட்கிழமை நல்ல மாஸ்க்கு வராவிட்டால் எட்டுப் பேரும் மேலே ஏறுவதில்லை என்று பேசினார்கள். சனிக்கிழமையே ராமசாமி அவர்களை மூன்றாகப் பிரித்து மூன்று இடத்துக்கு அனுப்பிவிட்டான். ஒரு வாரம் கழித்துத்தான் மறுபடி ஒன்று சேர்த்தான்.

பேசியது எட்டுப் பேர். பெல்ட் ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவள் பேசுவதே கேட்காது. அப்படியானால் அந்த எட்டில் ஒருத்திதான் சொல்லியிருக்க வேண்டும்.

சாயங்காலம் வீட்டில் இதைப் புருஷனிடம் சொன்னாள். ராஜேந்திரன் அதே கான்ட்ராக்டரிடம் தண்ணீர் லாரி ஓட்டினான். அதிகம் பேசாத மனுஷன். அவள் பேசுவதை மட்டும் பொறுமையாகக் கேட்பான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே கேட்டவன், "இதுல யோசிக்க என்னா இருக்குது? மூஞ்சியக் காட்டாதவதான் ஆளு" என்றான். "அந்த மாஸ்க்க ராமசாமியே குடுத்திருப்பான்."

"அப்டித்தான் நானும் நெனைக்கிறன். நாளைக்கு அவ பின்னாலயே போயி எங்கதான் போறாள்னு பாத்துட்டு வந்துடறன்."

"பாரு" என்றான்.

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் கண்ணகி ஏறிய ஷேர் ஆட்டோவுக்குப் பின்னால் வந்த ஆட்டோவில் செங்கமலம் ஏறினாள். மந்தாரக்குப்பத்தில் கண்ணகி இறங்கினாள். பஸ் நிலையத்துக் கட்டணக் கழிப்பறைக்குள் போனாள். செங்கமலம் பழக்கடை ஓரமாக நின்றாள். வெளியே வந்தவளை முதலில் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. இளநீல வாயில் புடவை, தோளில் கைப்பை, தாழ்த்திப் பிடித்த குடை. குடைக்குள் முகம் தெரியவில்லை. ஆனால் காலில் அதே ரப்பர் செருப்பு.

கரி அள்ளுகிறவள் இப்போது டீச்சரம்மா மாதிரி நடந்து போனாள். செங்கமலத்துக்கு உடம்பெல்லாம் சூடாக ஏறியது. 'இத்தினி வேஷமா!'

டவுன் பஸ்ஸில் அவள் முன்னால் நின்றாள், செங்கமலம் கடைசியில் ஆண்களுக்கு நடுவே ஒடுங்கி நின்றாள். டவுன்ஷிப்புக்குள் ஒரு பிளாக்கில் கண்ணகி இறங்கி, ஒரே மாதிரியான குவார்ட்டர்ஸ் வரிசைகளுக்கு நடுவே போகிற நேர் ரோட்டில் நடந்தாள். எதிரே வந்த அம்மா ஒருத்தி, "என்ன ஜெப்ரின், ஸ்கூல் விட்டாச்சா?" என்று கேட்டாள். "ஆமாங்க ஆன்ட்டி" என்று சிரித்த குரல். கண்ணகியின் குரல்தான். ஆனால் அந்தக் குரல் இப்படிச் சிரித்துச் செங்கமலம் கேட்டதில்லை.

ஒரு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நிலைக்கு மேல் சிலுவை. கேட்டில் 'ஆனந்த்ராஜ், எலக்ட்ரிகல்' என்று சின்னப் பலகை.

பெர்மனென்ட் ஆள் வீடு. பேரும் வேறு. அக்கம்பக்கத்துக்கு ஸ்கூல் என்று ஒரு கதை. இனி சந்தேகப்பட என்ன இருக்கிறது? கம்பெனிக்காரன் வைத்த ஆள்தான் இவள். செங்கமலம் கதவைத் தட்டினாள். தட்டியது கொஞ்சம் பலமாகவே இருந்தது.

கதவு திறந்தது. ரெண்டு மாசமாகத் தெரியாத முகம் எதிரே நின்றது. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். மூக்கின் மேலும் கன்னத்திலும் மாஸ்க்கு அழுத்திய கோடு இன்னும் சிவப்பாக இருந்தது. தப்பு செய்து பிடிபட்டவளின் முகம் மாதிரி இல்லை. வீட்டுக்குள் பாம்பு வந்ததைப் பார்த்த மாதிரி பயந்துபோயிருந்தாள்.

"அக்கா!" என்றாள். உடனே ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, செங்கமலத்தின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

கூடத்தில் கட்டில் போட்டிருந்தது. அதில் ஒருத்தன் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. இடது கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது. "யாரு ஜெப்ரின்?" என்று கேட்டான். வார்த்தைகள் குழைந்து வந்தன. எழுந்து நிற்க முயன்றவனை, "உக்காருங்க, நம்ம ஸ்கூல் ஆயாம்மா" என்று அவள் அமர்த்திவிட்டு, செங்கமலத்தைச் சமையலறைக்குக் கூட்டிப் போனாள்.

"அவருக்கும் தெரியாதா?" என்று கேட்டாள் செங்கமலம். கேட்க வந்தது வேறு. வாயில் வந்தது இது.

"தெரியாது. பால்வாடி மாதிரி ஒரு ஸ்கூல்ல வேலைன்னு சொல்லியிருக்கேன். தெரிஞ்சா இன்னொரு தடவ விழுந்துடுவார்."

போன கார்த்திகையில் பக்கவாதம் வந்ததாம். லீவெல்லாம் தீர்ந்து சம்பளமில்லாத லீவு ஓடிக்கொண்டிருக்கிறது. வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதிவிட்டால் வேலையும் போகும், குவார்ட்டர்ஸும் போகும். கை திரும்பிவிடும் என்று டாக்டர் சொல்கிறார். அதுவரை தாக்குப்பிடிக்க வேண்டும். வேலைக்கு அலைந்தாள், எங்கும் அமையவில்லை. கண்ணகி என்பவள் இவர்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்தவள். குடும்பத்தோடு திருப்பூருக்குப் போகும்போது தன் பாசைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

"உன் பேர்லயே பாஸ் எடுக்கக் கூடாதா?"

"எடுத்தா புருஷன் பேரு, அட்ரஸ் எல்லாம் குடுக்கணும் அக்கா. இவரோட ஆபீஸுக்கு ஒரே நாள்ல போயிடும். எலக்ட்ரிகல் ஆனந்த்ராஜ் பொண்டாட்டி கான்ட்ராக்ட்ல கரி அள்ளுறான்னு. சர்ச்சுல, இந்த லைன்ல எல்லார்கிட்டயும். இவரு வெளிய தலைகாட்ட மாட்டாரு." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்த மாஸ்க்கு இவரோடது. நாலு பேருக்கு என் மூஞ்சி தெரியக்கூடாதுன்னுதான் முதல்ல போட்டேன். அப்புறம் பாத்தா மூச்சும் விட முடியுது."

கடைசியில் செங்கமலம் தான் வந்த விஷயத்தைக் கேட்டாள். "ராமசாமிகிட்ட யாரு போட்டுக் குடுக்குறது?"

"நான்னு நினைச்சீங்களா?" அவள் கோபப்படவில்லை. "யூனியன் ஆளப் பாக்கணும்னு பேசினீங்களே, அன்னிக்கு நான் வரவே இல்லக்கா. இவர பாண்டிச்சேரிக்கு செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன். மறுநாள் சூப்பர்வைசர் கத்தினப்பதான் எனக்கே தெரியும்."

செங்கமலம் நினைத்துப் பார்த்தாள். அது உண்மைதான். அன்று பேசியது ஏழு பேர்தான்.

கிளம்பும்போது ஜெப்ரின் அவள் கையை விடவில்லை. "யார்கிட்டயும் வேணாம் அக்கா. உங்க வீட்டுக்காரர்கிட்டகூட."

"சொல்ல மாட்டன்" என்றாள் செங்கமலம்.

புருஷனிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லாதவள் அன்று முதல்தடவையாக ராஜேந்திரனிடம் பொய் சொன்னாள். "மந்தாரக்குப்பத்துல கூட்டத்துல வுட்டுட்டன்."

"நாளைக்குப் போயேன்" என்றான் அவன்.

"எதுக்கு? வுடு."

"ஏன் வுடற? யாருன்னு தெரிஞ்சுக்க வேணாமா?"

இதில் அவனுக்கு ஏன் இத்தனை அக்கறை என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதும் மறந்துபோனது.

வேலையில், "கண்ணகி இல்ல, வேற யாரோ" என்று மட்டும் சொன்னாள். அது சரியாகப் போகவில்லை.

"உனக்கு எப்டித் தெரியும்?" என்றாள் விருத்தாம்பாள்.

"தெரியும்."

"அவ பின்னால போறன்னு நேத்து ஆட்டோ ஏறின. இன்னிக்கு வந்து அவ இல்லன்ற. என்னா நடந்துச்சுன்னு சொல்ல மாட்டேன்ற."

அதன்பின் சாப்பாட்டு நேரத்தில் பேச்சு குறைந்தது. விருத்தாம்பாளும் இன்னும் இரண்டு பேரும் தனியாகத் தள்ளி உட்கார்ந்தார்கள். செங்கமலம் ஒவ்வொருத்தியாக நோட்டம் விட்டாள். விருத்தாம்பாளின் தம்பி கான்ட்ராக்டர் ஆபீஸில் எடுபிடி. இன்னொருத்தி ராமசாமிக்கு ஒன்றுவிட்ட சொந்தம். இருமுகிற மாணிக்கம்மாளைக்கூட அவள் விடவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அவள் ஏன் சொல்லியிருக்கக் கூடாது? இப்படி நினைக்கத் தொடங்கியபோது அவளுக்கே தன்மேல் வெறுப்பாக இருந்தது. ஆனால் நிறுத்தவும் முடியவில்லை.

ஒரு திங்கட்கிழமை ராமசாமி அந்த வாரத்து மாஸ்க்குகளைக் கொடுத்தான். செங்கமலத்தின் கையில் வைக்கும்போது சிரித்தான்.

"இந்தா, வடையில எண்ண புழியற காகிதம். அப்டித்தான சொல்ற இத?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். விருத்தாம்பாளும் சிரித்தாள், அந்த வார்த்தையை இப்போதுதான் கேட்கிறவளைப் போல. அது செங்கமலம் சொன்ன வார்த்தைதான். ஆனால் எங்கே சொன்னாள்? ஞாயிற்றுக்கிழமை வீட்டில், உளுந்து அரைத்துக்கொண்டே ராஜேந்திரனிடம் சொன்னாள். அவன் வாய்விட்டுச் சிரித்தான், அவன் அப்படிச் சிரிப்பது அபூர்வம் என்பதால் நன்றாக நினைவிருந்தது. அதற்கு முன்பே வேலையில் யாரிடமாவது சொல்லியிருப்போமோ? சொல்லியிருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அன்று முழுக்கச் சட்டி சட்டியாகக் கரியை அள்ளிக்கொண்டே அவள் தன் ஞாபகத்தைத் துழாவிக்கொண்டிருந்தாள். உறுதியாக எதுவும் கிடைக்கவில்லை.

ஆடி மாதம் சென்னையிலிருந்து பாதுகாப்பு பார்க்க அதிகாரிகள் வந்தார்கள்.

அன்று காலை ராமசாமி ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு நின்றான். எட்டுப் பேருக்கும் புது ஹெல்மெட், புது கண்ணாடி, பச்சை நிறச் சட்டை, கண்ணுக்குக் கீழிருந்து தாடைவரை மூடுகிற புது ரப்பர் மாஸ்க்கு. எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு வரிசையாக நின்றபோது அவர்களுக்கே யார் யார் என்று தெரியவில்லை. மாணிக்கம்மாளை மட்டும் இருமலை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

"கேட்டா தலைய மட்டும் ஆட்டுங்க" என்றான் ராமசாமி. "ஷிப்ட் முடிஞ்சதும் பத்திரமா கழட்டி இதே பெட்டியில வெக்கணும். ஒண்ணு கொறஞ்சாலும் சும்மா வுடமாட்டன்."

செங்கமலம் அந்த மாஸ்க்கில் மூச்சை இழுத்தாள். ஆறு வருஷத்தில் முதல்தடவையாகக் கரி வாசனை இல்லாத காற்று வந்தது. அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது. ஒரு பொழுதுக்கு மட்டும் இதைக் காட்டிவிட்டுப் பிடுங்கிக்கொள்வதற்குக் கொடுக்காமலே இருந்திருக்கலாம்.

அதிகாரிகள் மூன்று பேர் வந்தார்கள். பெரியவர் நரைத்த தலை. பெல்ட் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் பெண்களின் வரிசைக்கு முன்னால் நின்று உரக்கக் கேட்டார். "டெய்லி இந்த மாஸ்க்குதான் போடுறீங்களா?"

"டெய்லிங்க சார்" என்று ராமசாமி முந்திக்கொண்டான்.

ஏழெட்டு ஹெல்மெட்டுகள் ஆடின. அவர் திரும்ப ஒரு அடி வைத்திருப்பார்.

"இது இன்னிக்கிக் காலையிலதான் குடுத்தாங்க சார். சாய்ந்தரம் புடுங்கிக்குவாங்க."

ரப்பருக்குள்ளிருந்து வந்த குரல், தகர டப்பாவுக்குள் பேசினது மாதிரி இருந்தது. கிழவியா குமரியா என்றுகூடச் சொல்ல முடியாது. பேச்சு மட்டும் கம்மாபுரம் பக்கத்துப் பேச்சு. ராமசாமி சடாரென்று திரும்பினான். எட்டு மாஸ்க்குகள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன.

செங்கமலத்துக்கு இரண்டு ஆள் தள்ளி நின்றவளின் சட்டை படபடவென்று மூச்சில் ஏறி இறங்கியது. கையில், டவுன்ஷிப் வீட்டில் பார்த்த சின்ன வெள்ளி மோதிரம். ஜெப்ரின்.

"யாரும்மா பேசினது?" என்றார் பெரியவர். யாரும் அசையவில்லை. அவர் மாணிக்கம்மாள் இருமுகிற பக்கம் பார்த்தார். "வேணாம், பேர் சொல்ல வேணாம்" என்றவர், கான்ட்ராக்டரின் ஆளைப் பார்த்து, "இந்தச் சாமான் இவங்ககிட்டயே இருக்கட்டும். நான் இன்னொரு தடவ வருவேன். சொல்லிட்டு வரமாட்டேன்" என்றார்.

அவர்கள் போனதும் ராமசாமி எட்டுப் பேரையும் கண்ணாடியும் மாஸ்க்கும் கழற்றச் சொன்னான். ஜெப்ரின் முகத்தைத் துடைக்கிற சாக்கில் துண்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். "எவ அது?" என்றான். அன்று ஆச்சரியமான ஒன்று நடந்தது. பக்கத்தில் நின்றவர்கள் எல்லோருக்கும் தெரியும். கண்ணகி மேல் சந்தேகப்பட்ட விருத்தாம்பாளுக்கும் தெரியும். ராமசாமிக்குச் சொந்தக்காரிக்கும் தெரியும். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. விருத்தாம்பாள், "சத்தத்துல எங்களுக்கு என்னா சார் தெரியும்?" என்றுகூடச் சொன்னாள்.

"அப்டியா? நாளைக்குக் காலைல கேட்டுல ஒவ்வொருத்தியா நிறுத்தி பாசையும் மூஞ்சியையும் வெச்சுப் பாக்குறன். செக்யூரிட்டிய பக்கத்துல வெச்சிக்கினு வெசாரிக்கிறன். எப்டி வெளிய வரலன்னு பாக்கலாம்."

துண்டுக்கு மேலே ஜெப்ரினின் கண்கள் செங்கமலத்தைத் தேடின. பாசையும் முகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பேசியது யார் என்பதற்கு முன்பே வேறொன்று வெளியே வந்துவிடும்.

வெளியே நடக்கும்போது செங்கமலம் மெதுவாகக் கேட்டாள். "ஏன்டி பேசின? நாங்க பேசக்கூடாதா? உனக்குத்தான எல்லாம் போவும்?"

"தெரியலக்கா. இத்தன மாசமா மூடிக்கிட்டே இருந்தேன்ல. யாருக்கும் நான் யாருன்னு தெரியாதுன்னதும் பேச்சு தானா வந்துடுச்சு, அதுவும் உங்க ஊர்ப் பேச்சு."

"நாளைக்கு வராத."

"வராட்டா நான்தான்னு ஆயிடும். பாஸ்ல இருக்கிற அட்ரஸுக்கு ஆள் போவாங்க."

அதுவும் சரிதான்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் செங்கமலம் யோசித்தாள். ஒரு பக்கம் நாளைக் காலை. இன்னொரு பக்கம் அந்த எண்ணெய் புழிகிற காகிதம். இரண்டும் ஒன்றோடொன்று முடிச்சுப்போட்டுக்கொண்டு நின்றன. வீட்டு வாசலுக்கு வரும்போது என்ன செய்வது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தன் சந்தேகம் பொய்யாகிப்போக வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டாள்.

ராஜேந்திரன் லாரியை விட்டுவிட்டு முன்னாலேயே வந்திருந்தான். அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னிக்கு ஏதோ கலாட்டாவாமே? எவளோ அதிகாரிகிட்ட பேசிட்டாளாம்?" என்றான்.

"ஆமா."

"யாரு?"

அவன் முகத்தைப் பார்த்தாள். பதினாலு வருஷம் பார்த்த முகம். மீசையில் ஒரு நரை, கன்னத்தில் சின்ன வயதில் மாடு முட்டிய தழும்பு.

"நான்தான்" என்றாள்.

அவனுக்கு முகம் மாறியது. "நீயா? ஏன் இந்த வேல உனக்கு?"

"மாணிக்கம்மா இருமறத பாக்க முடியல. பேசிட்டன். வெளிய யாருகிட்டயும் சொல்லிடாத."

அவன் எழுந்து மாட்டுக்கு வைக்கோல் போட்டான். பிறகு பீடி வாங்கி வருவதாகச் சொல்லிச் சைக்கிளை எடுத்தான். பீடிக்கட்டு அவன் சட்டைப்பையில் இருந்தது, துணிக்கு மேலாகவே தெரிந்தது. அவன் சைக்கிள் தெருமுனையில் திரும்பி மறைகிறவரை அவள் வாசலில் நின்று பார்த்தாள்.

மறுநாள் கேட்டில் எட்டுப் பேரும் வரிசையில் நின்றார்கள். ஜெப்ரின் நாலாவது. பாசில் இருந்த போட்டோவை இரண்டு கையாலும் மறைத்துப் பிடித்திருந்தாள். ராமசாமி வந்தான். செக்யூரிட்டி இல்லை. யாருடைய பாசையும் பார்க்கவில்லை. முதல் மூன்று பேரைத் தாண்டினான். ஜெப்ரினைத் தாண்டினான். நேராகச் செங்கமலத்தின் முன்னால் வந்து கையை நீட்டினான்.

"பாச குடு."

அவள் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாள். "என்னா தப்பு பண்ணன்?"

"உனக்கே தெரியும். ஆறு வருஷம் சோறு போட்ட எடம். அங்கயே வாய நீட்டற."

விருத்தாம்பாள் வாயைத் திறந்தாள். "அவ இல்ல சார்…" என்று ஆரம்பித்தவளை செங்கமலம் ஒரு பார்வையில் நிறுத்தினாள். ஜெப்ரின் வரிசையை விட்டு ஒரு அடி வெளியே வந்தாள். "நில்லு உன் எடத்துல" என்றாள் செங்கமலம், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "எல்லாரும் வேலைக்குப் போங்க. எனக்கு ஒண்ணுமில்ல."

அழக் கூடாது என்று நினைத்திருந்தாள். முடியவில்லை. வேலை போனதற்காக அழுகிறாள் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

ராஜேந்திரனிடம் அவள் சண்டை போடவில்லை. சாயங்காலம் அவன் வந்ததும் கேட்டாள். "ராமசாமி உனக்கு என்னா தர்றன்னான்?"

அவன் மறுக்கவும் இல்லை. மைன்ஸுக்குள் டிப்பர் ஓட்டுகிற வேலை வாங்கித் தருவதாகச் சொன்னானாம். முதலில் சும்மா பேச்சுவாக்கில் கேட்டானாம், பிறகு தினமும் கேட்க ஆரம்பித்தானாம். "நீ எதுலயும் மாட்டாம பாத்துக்கிறன்னு சொன்னான். நேத்தும் சொன்னான், கண்டிச்சு வுட்டுடறன், வேலைய எடுக்க மாட்டன்னு. உனக்கோசரம்தான் சொன்னன் செங்கமலம். முன்னாடியே தெரிஞ்சா அவன் சமாதானமா பேசுவான்னு…"

"சரி" என்றாள். அவன் சொன்னதில் பாதி உண்மையாகவும் இருக்கலாம். எந்தப் பாதி என்பதைத்தான் அவளால் இனிக் கண்டுபிடிக்க முடியாது.

டிப்பர் வேலை அவனுக்குக் கிடைக்கவில்லை. புது மாஸ்க்குகளைக் கான்ட்ராக்டர் திரும்ப வாங்கவில்லை. அந்த அதிகாரி எப்போது வருவாரோ என்ற பயம் இருந்தது. மாணிக்கம்மாளுக்கு இருமல் நிற்கவில்லை, ஆனால் கறுப்பாகத் துப்புவது குறைந்ததாம். இதெல்லாம் விருத்தாம்பாள் வந்து சொன்னாள். செங்கமலம் முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலைக்கு முத்தாண்டிக்குப்பம் பக்கம் போய்வந்துகொண்டிருந்தாள். கூலியில் பாதிக்குக் கொட்டையாக வாங்கி வந்து வீட்டிலும் விற்றாள். ஓட்டிலிருந்து கசிகிற காரமான பால் பட்டு விரல் தோல் உரிந்தது.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஜெப்ரின் அவள் வீட்டுக்கு வந்தாள்.

தெருமுனையிலேயே செங்கமலம் பார்த்துவிட்டாள். இளநீலப் புடவை, எண்ணெய் வைத்து வாரிய தலை. மாஸ்க்கு இல்லை, குடை இல்லை. வெயிலில் முகத்தை நிமிர்த்திக்கொண்டு, எதிர்ப்பட்டவர்களிடம் வழி கேட்டுக் கேட்டு வந்துகொண்டிருந்தாள். செங்கமலத்தைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாகி, "அக்கா!" என்று கையைத் தூக்கினாள்.

உள்ளே ராஜேந்திரன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "யாரு அது?" என்று எட்டிப் பார்த்தான்.

"முந்திரி வாங்க வந்தவங்க" என்றாள் செங்கமலம், சட்டென்று. பிறகு ஜெப்ரினைப் பார்த்து, "வாங்கம்மா, எவ்ளோ வேணும்? ஒடச்சதா, ஒடைக்காததா?" என்றாள்.

ஜெப்ரினின் சிரிப்பு அப்படியே நின்றது. அவள் செங்கமலத்தின் கண்ணைப் பார்த்தாள். உள்ளே நிலைப்படிக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிற ஆளைப் பார்த்தாள். அப்படிப்பட்ட விஷயங்கள் அவளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"ஒடச்சதுங்க. கால் கிலோ போதும்" என்றாள்.

செங்கமலம் உள்ளே போய்ப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தாள். பஸ் நிற்கிற இடம் காட்டுவதாகச் சொல்லிவிட்டு அவளோடு நடந்தாள். தெருவைத் தாண்டி முந்திரிமரங்களின் நிழலுக்கு வந்த பிறகுதான் ஜெப்ரின் பேசினாள்.

"அவருக்கு ஆபீஸ்ல லைட் டியூட்டி குடுத்துட்டாங்கக்கா. உக்காந்து பாக்குற வேல. நேத்து போய் சேர்ந்துட்டார். நான் இனிமே வரமாட்டேன். உங்ககிட்ட நேர்ல சொல்லணும்னு தோணுச்சு. எனக்காக நீங்க…"

"உனக்கோசரம் மட்டும் இல்ல" என்றாள் செங்கமலம். "எனக்கும் ஒண்ணு தெரிஞ்சுக்க வேண்டியிருந்துச்சு."

"தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுச்சு."

ஜெப்ரின் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். பஸ் வந்ததும் செங்கமலத்தின் உரிந்த விரல்களை ஒரு நிமிஷம் சேர்த்துப் பிடித்துவிட்டு ஏறிக்கொண்டாள்.

செங்கமலம் திரும்பி வந்தபோது ராஜேந்திரன் கை கழுவிவிட்டு வாசலில் நின்றிருந்தான்.

"எந்த ஊராம் அந்தப் பொம்பளைக்கு?"

"சேத்தியாத்தோப்பு" என்றாள். அவனைத் தாண்டி உள்ளே போய், தட்டை எடுத்து வைத்துத் தனக்குச் சோறு போட்டுக்கொண்டாள்.